தெபானோ கேட்ட நிலம்

“அங்க வீடு கட்டாதே மச்சான். கடல் திரும்பி வரும்.”

தெபானோ இதைச் சொல்வது நாலாவது தடவை. காபுவா தோளில் இருந்த தென்னந்தூணை மணலில் போட்டான்.

“மூணு வருஷமா உள்வாங்கிக் கிடக்குது. இனி எங்க வரப்போகுது?”

“இது லா நினா வருஷம். காத்து தண்ணியை மேற்கே தள்ளிட்டுப் போயிருக்கு. எல் நினோ வந்தா நம்ம தாராவாத் தீவுப் பக்கம் ஏறும். முப்பது வருஷமா அளந்து எழுதி வச்சிருக்கோம். ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிட ஒசரமாத்தான் வருது.”

படகுத்துறையில் கடல்மட்டம் அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்வது தெபானோவின் வேலை. காபுவாவின் மனைவி மேரேவுக்கு அண்ணன்.

“கடலை எட்டிப் பார்க்கச் சம்பளம் வாங்குறவன். ஏதாவது சொல்லித்தானே ஆகணும்?” என்று மேரேயிடம் சிரித்தான் காபுவா. கல்யாணம் நிச்சயமான மகள் தெரேசியாவுக்காகத்தான் அந்த வீடு.

மறுநாள் காலையில் சிரிப்பு போய்விட்டது. தெபானோ அந்த நிலத்தில் தனியாக நின்று, குச்சி ஊன்றி, குனிந்து எதையோ அளந்துகொண்டிருந்தான். காபுவாவைக் கண்டதும் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

“உன் அண்ணனுக்கு நம்ம நிலத்து மேல கண்ணு.”

“சும்மா இருங்க. அவருக்கு எதுக்கு அது?”

“நல்ல காத்து. வாசல்லயே படகை இறக்கலாம். எதுக்குன்னா கேக்கறே?”

ஞாயிற்றுக்கிழமை சந்தேகம் உறுதியானது. பூசை முடிந்து, ஊர்ச்சாவடியில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது தெபானோ எழுந்து நின்றான்.

“காபுவா, புபுசி. அந்தக் கரையோர நிலத்தை எனக்குக் குடு.”

எல்லார் தலையும் காபுவா பக்கம் திரும்பியது. தீவு வழக்கப்படி, புபுசி என்று வாய்விட்டுக் கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லக்கூடாது. சொன்னவன் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது.

வாய்க்குப் போன சீமைப்பலாத் துண்டு காபுவாவின் கையிலேயே நின்றது.

“எடுத்துக்கோ.”

“கடல் வரும், கடல் வரும்னு பூச்சாண்டி காட்டினது இதுக்குத்தானா?” பின்னாலிருந்து ஒரு பெரியவர் உரக்கவே கேட்டார்.

தெபானோ தட்டோடு ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தான்.

அதன்பிறகு அவனை யாரும் பதநீர் குடிக்கக்கூடக் கூப்பிடவில்லை. தெரேசியாவின் வீட்டை, வேறு வழியில்லாமல், ரோட்டோரத்து மேட்டில் கட்டினார்கள். கல்யாணத்துக்குத் தாய்மாமனுக்கு அழைப்பில்லை.

அடுத்த வருஷம் எல் நினோ வந்தது. ஒரு பௌர்ணமி ஓதத்தில் கடல் ஏறி, கரையோர நிலத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. இரண்டு தென்னைகள் வேரோடு சாய்ந்தன.

காபுவாவுக்கு உள்ளூர மனசு குளிர்ந்தது. நேரே படகுத்துறைக்குப் போனான்.

“எங்கிட்டப் பிடுங்கினே. உங்கிட்டக் கடல் பிடுங்கிடுச்சு பாத்தியா! ஒரு தூண்கூட நடலே. என்னத்தைக் கண்டே?”

தெபானோ கருவி காட்டிய எண்ணைக் குறித்துவிட்டு நிமிர்ந்தான்.

“தெரேசியா வீட்டுக்குள்ள தண்ணி வந்துதா?”

“அங்க எப்படி வரும்? அது மேட்டுல...” காபுவா பாதியில் நிறுத்தினான்.

“அத்தனை தடவை சொல்லியும் நீ என்னை நம்பலே. ஊர் முன்னால கேட்டா நீ மறுக்கமாட்டேன்னு நான் உன்னை நம்பினேன், மச்சான்.”