எழுத்தில்லாத புத்தகம்

“பெத்த புள்ளைய மண்ணுல வெச்சு நாப்பதாம் நாள் பாத்திஹாகூட இன்னும் ஓதல. இவ பொம்மைப் படம் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருக்கா!”

வாசலிலேயே மறித்துக்கொண்டார் கரீம் பாட்சா. கோவண்டியிலிருந்து ட்ரெயின் மாறி, தாராவிச் சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்திருந்த தங்கை சபுராவை உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

“யாரு, மைனியா சிரிக்கா?”

“பின்ன யாரு? தெனமும் சாயங்காலம் அசர் தொழுதுட்டு உக்காந்துருதா. கலீலு வாங்கிப் போட்ட காமிக்ஸ் புத்தகம் ஒண்ணு கெடக்கு. அதப் புரட்டிப் புரட்டிச் சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரன் ‘பாகல் ஹோ கயி’, பைத்தியம் புடிச்சிட்டுங்கான். ஏர்வாடி தர்காவுல கொண்டு விட்டுரலாம்னு டிக்கெட் எடுத்துட்டேன். இருந்தாலும் மனசு கேக்கல. நீ ஒரு எட்டு பாத்துச் சொல்லிரு.”

சபுராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கலீலுல்லா ஒரே பிள்ளை. பத்தொன்பது வயது. லெதர் பை தைக்கிற கார்கானாவுக்குப் போனவன், சயான் ஸ்டேஷன் தாண்டி ட்ரெயினிலிருந்து விழுந்து, உயிரில்லாத மையத்தாகத்தான் வீடு திரும்பினான். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது அண்ணன் பெண்டாட்டி நூர் நிஷா மைனி போட்ட கூப்பாடு இன்னும் சபுராவின் காதில் நிற்கிறது. அவளா சிரிக்கிறாள்?

உள்ளே எட்டிப் பார்த்தாள். மைனி சிரிக்கத்தான் செய்தாள். தொழுகைப் பாயில் முக்காடு கலையாமல் உட்கார்ந்து, புத்தகத்தில் விரலை வைத்தபடி வாய் நிறையச் சிரிப்பு.

சபுராவுக்கு வந்ததே கோபம்! விறுவிறுவென்று போய்ப் புத்தகத்தைப் பிடுங்கினாள். அட்டையிலிருந்து புரட்டினாள்.

பக்கத்துக்கு ஒரே படம். ஒரு எழுத்துக்கூட இல்லை. முகமூடி போட்டு ஆகாயத்தில் பறக்கிற ஒருத்தன், அவனுக்குத் துணையாக மஞ்சள் சட்டை போட்ட ஒரு இளவட்டம். முதல் பக்கத்தில் இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து ரொட்டி தின்று சிரிக்கிறார்கள். அப்புறம் ஒரு பாலம் இடிகிறது. மஞ்சள் சட்டைக்காரன் கல்லுக்கு அடியில் போய்விடுகிறான். முகமூடிக்காரன் அவனை அள்ளித் தோளில் போட்டு வருகிறான். பெட்டி. குழி. கடைசிப் பக்கத்தில் மழையில் ஒற்றையாக நிற்கிறான். அழுகிறவனுக்கு வாயில் வார்த்தை வருமா? படம் போட்டவனுக்கும் வரவில்லை போலிருக்கிறது.

சபுரா அந்தப் பக்கத்தை மைனியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதப் பாத்தா சிரிக்கியோ? செத்துக் கெடக்கானே! உமக்கு நெஞ்சுல ஈரமே இல்லயா மைனி?”

நூர் நிஷா கோபப்படவில்லை. “சத்தம் போடாத. இங்க வந்து உக்காரு. உனக்கும் சொல்லுதேன்” என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அதைத் திருப்பி, பின்னட்டையைத் திறந்தாள்.

அவள் பள்ளிக்கூடம் பார்த்தவள் இல்லை. சின்னதில் கற்றதெல்லாம் குர்ஆனும், அரபு எழுத்தில் தமிழ் எழுதிய கிதாபும்தான். இரண்டுமே வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகிறவை. அவள் விரலும் அந்தப் போக்கிலேயே போனது.

“கலீலு எப்பவும் படத்தக் காட்டிக் கத சொல்லுவான். இத மாட்டுங்கா ஃபுட்பாத்துல வாங்கியாந்து, ‘உம்மா, இதுல எழுத்தே கெடையாது. நான் இல்லாட்டாலும் நீயே பாத்துக்கலாம்’னான். இந்தா பாரு, மழ பெய்யுது. பெரியவன் ஒத்தையில நிக்கான். மண்ணு வெலகுது பாத்தியா? பெட்டி மேல வருது. தொறந்து புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் பறக்கான். பாலத்துக்கிட்ட கொண்டாந்து கெடத்துதான். அவன் மேல கெடக்க கல்லெல்லாம் எந்திச்சு மேல போவுது. பாலம் சேந்துக்கிட்டு. புள்ள கண்ண முழிச்சிட்டான்! கடைசியில பாரு, ரெண்டு பேரும் ரொட்டி திங்காங்க.”

அந்த ரொட்டிப் படத்தைத் தடவிக்கொண்டே மறுபடியும் சிரித்தாள்.

சபுரா அஞ்சாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள். ‘மைனி, இது தலைகீழ்’ என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. அப்படியே விழுங்கிவிட்டாள்.

“ஆமா மைனி. நல்ல கததான். கடைசியில எந்திச்சு வந்துட்டானே” என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

வாசலில் நின்ற கரீம் பாட்சாவுக்குப் பொறுக்கவில்லை. டிக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“கேட்டியா சபுரா? மவுத்தானவன் எந்திச்சு வாரானாம்! புத்தகத்தக்கூடப் பின்னாலேருந்து படிக்கா. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?”

“அண்ணே, சும்மாயிரு!”

நூர் நிஷா புத்தகத்தை மூடிப் பாயில் வைத்தாள். புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். பேச்சில் ஒரு பிசிறும் இல்லை.

“டிக்கெட்ட அங்க வெச்சிட்டு இப்படி உக்காருங்க. இங்கிலீஷ் புத்தகத்த எந்தப் பக்கமிருந்து பாக்கணும்னு எனக்குத் தெரியாதா? கலீலு சொல்லித் தந்திருக்கான். அந்தப் பக்கமிருந்து பாத்தா வார கததான் நம்ம வீட்டுலயே நடந்து முடிஞ்சிட்டே!”