பின் சீட்டு ஸ்பீக்கர்

"முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர் போதாதா தம்பி?" என்றார் மெக்கானிக்.

"என் சம்சாரம் பின் சீட்லதான் காலை நீட்டிக்குவா. அவளுக்குப் பாட்டு கேட்கணும். பள்ளத்துல தூக்கிப்போட்டா தலை சுத்தும்பா, சஸ்பென்ஷனும் மாத்தணும்."

"பேசாம ஊஞ்சல் வாங்கிக் குடுத்துடுங்க."

அவன் சிரித்தான். வாரம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் வாய், சனிக்கிழமை இந்தப் பட்டறையில்தான் திறக்கும்.

கிளம்பும்போது தயங்கினான். "வண்டிய எப்போ கொண்டு வருவேன்னு நீங்க கேட்டதே இல்லையேண்ணே?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நசுங்கின உங்க வண்டிய இழுத்துட்டு வந்ததே நான்தான் தம்பி. அவங்க முகத்தைத் துணியால மூடினதும் நான்தான்."

மெக்கானிக் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க. சீட் கவர் என்ன கலர்ல கேட்டாங்க?"