கழன்ற மூடி

"சார், உங்க வண்டியில யாரோ பெட்ரோல் எடுக்கிறாங்க."

மெக்கானிக் சொன்னதும் பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சனிக்கிழமை காருக்குப் புகைப் பரிசோதனை. டாஷ்போர்டில் இன்ஜின் எச்சரிக்கை லைட் எரிந்தால் தேறாது. அதுவோ ஒரு மாதமாகக் கண்ணாமூச்சி ஆடுகிறது. எரியும், தானாக அணையும், மறுபடி எரியும். எரிகிற நாளில் மெக்கானிக்கிடம் கொண்டுபோவதைத் தவிர அவர் வண்டியைத் தொடவே மாட்டார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் சட்டம்தான்.

"பெட்ரோல் எடுத்தா லைட் எதுக்குப்பா எரியணும்?"

"டேங்க் மூடி லூசா இருந்தா ஆவி கசியும் சார். வண்டி அதைக் கண்டுபிடிச்சு லைட் போட்டுடும். இறுக்கி மூடி நாலு தடவ ஓட்டினா அணைஞ்சுடும். மூடிதான் கோளாறுன்னு போன வாரம் புதுசு போட்டேன். என் கையாலதான் 'டிக்'னு சத்தம் வர்ற வரைக்கும் முறுக்கினேன். இப்பப் பாருங்க, விரல் பட்டாலே சுத்துது. இது தானா கழலாது. ஆள் வேலை."

"யாரு திறக்க முடியும்?"

"வண்டிக்குள்ள இருக்கிற லீவரை இழுத்தாதான் டேங்க் கதவு திறக்கும். சாவி யார் கையில இருக்கோ, அவங்கதான்."

பெரியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மாடியில் மகள், மாப்பிள்ளை, பேத்தி. மாப்பிள்ளைக்கு நாள் முழுக்க பைக்கில் சுற்றுகிற வேலை.

வீட்டுக்கு வந்த வேகத்தில் மாப்பிள்ளையைக் கீழே கூப்பிட்டார்.

"உங்க பைக்குக்கு எங்க பெட்ரோல் போடுறீங்க?"

"பங்க்லதான். ஏன் மாமா?"

"அப்ப என் டேங்கைத் திறக்கிறது யாரு? சாவி ஆணியிலதான் தொங்குது. உங்க அத்தைக்கு டேங்க் எந்தப் பக்கம்னே தெரியாது. என் பொண்ணுக்கு அந்தப் புத்தி கிடையாது. மிச்சம் யாரு?"

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"நான்தான் மாமா. மன்னிச்சுடுங்க. இனிமே தொட மாட்டேன்."

பெரியவர் ஆடிப்போனார். மறுப்பார், சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்திருந்தார். இப்படிக் கூசாமல் ஒத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

"கேட்டிருந்தா டேங்க் நிறைய போட்டுக் கொடுத்திருப்பேனே! போயும் போயும் ஒரு திருடனுக்கா என் பொண்ணைக் கொடுத்தேன்?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி மாடியேறிப் போனார்.

மறுநாள் காலை கண் விழித்த பெரியவர் வெளியே ஏதோ சத்தம் கேட்டு ஷெட்டுக்கு வந்தார். வண்டிக்குப் பின்னால் யாரோ குனிந்திருந்தார்கள்.

திட்டியும் புத்தி வரவில்லையே! பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்து தோளைப் பிடித்துத் திருப்பினார்.

மனைவி. கையில் டேங்க் மூடி.

"நீயா?"

பிடித்த தோளை விட்டார்.

"லைட் எரிஞ்சாதானே வண்டிய எடுக்க மாட்டீங்க? டெஸ்ட்டும் தேறாது" என்றாள் மெல்ல.

"உனக்கென்ன பைத்தியமா? நான் வண்டி ஓட்டினா உனக்கு என்னடி?"

"எனக்கு வேற வழி தெரியலங்க. மூடி லூசானா லைட் எரியும்னு டிவியில பார்த்தேன். சொல்லிடலாம்னுதான் இருந்தேன். 'காலம் பூரா பஸ் ஓட்டின மனுஷன், மனசு ஒடிஞ்சு போயிடுவாரு, சொல்லாதீங்க அத்தை'ன்னு மாப்பிள்ளைதான் என் வாயைக் கட்டிட்டாரு."

"எதைச் சொல்ல வேண்டாம்னாரு?"

"போன மாசம் நீங்க வண்டியில வீடு திரும்பறப்ப, நம்ம வாசல்ல மாப்பிள்ளையும் பேத்தியும் தரையில உருண்டு கிடந்தாங்களே..."

"ஆமா. நடுரோட்ல என்ன விளையாட்டுன்னு நல்லாத் திட்டினேன். அதுக்கு இப்ப என்ன?"

மனைவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க விளையாடலங்க. உங்க வண்டிக்கு நேர் எதிர்ல நின்ன பேத்தியை மாப்பிள்ளை இழுத்துப் போட்டாரு. நீங்க பிரேக்கே போடல."