முடிஞ்சுதோ?

“முடிஞ்சுதோ?”

வேலிக்கு மேலால் பக்கத்துத் தோட்டத்து ஏரம்பரின் தலை. பாட்டின் கடைசிக் கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. இனி அந்தப் பதிவு குப்பைதான்.

தாரிகா கிற்றாரை இறக்கிவிட்டுக் கண்ணை மூடினாள்.

“இண்டைக்கு ஆறாந் தரம்,” என்றான் லக்ஷன்.

“இன்னும் முடியேல்லை, ஐயா,” என்றாள் அவள், பல்லைக் கடித்தபடி.

“ம்.” தலை மறைந்தது.

ஏரம்பரின் குரலைப் பற்றி ஒரு சொல் சொல்லத்தான் வேண்டும். அவர் பண்டத்தரிப்பில் நின்று கூப்பிட்டால் சாவகச்சேரியில் படுத்திருக்கும் மாடு எழும்பும் என்பார்கள். அது கொஞ்சம் மிகைதான். இடைவழியில் இருக்கும் மருதனார்மடத்து மாடு எழும்பும்; அது பலர் கண்டது.

அந்தக் குரலுக்குப் பக்கத்தில்தான் இளசுகள் மூன்றும் தங்கள் முதல் அல்பத்தைப் பதிய வந்திருந்தார்கள். ‘கதியால்’, அதாவது வேலிக்கு நடுகிற தடி, என்பது இசைக்குழுவின் பெயர். வாசிப்பது றொக்கபிலி, அதாவது பழைய அமெரிக்கக் குதியாட்டப் பாட்டு. தாரிகா பாட்டும் கிற்றாரும், கோபிசங்கர் ஒற்றை மேளம், லக்ஷன் ஆளுயரப் பேஸ் வாத்தியம். அந்தப் பேஸை மாமியின் அலுமாரிக் கதவால் செய்திருந்தான். அவன் அறைந்து வாசிக்கையில் உள்ளே யாரோ இன்னும் சேலை தேடுவதுபோல ஒரு சத்தம் வரும். அதன் அழகே அதுதான்.

முதலில் யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் பதிந்து பார்த்தார்கள். அங்கே பிசிறையெல்லாம் வெட்டி, மூச்சையெல்லாம் துடைத்துக் கொடுத்தார்கள்.

“பவுடர் பூசின பிரேதம் மாதிரிக் கிடக்கு,” என்றான் கோபிசங்கர்.

ஆகவே இந்த வெறும் புகையிலைக் கொட்டில். தகரக் கூரை. ஒரேயொரு மைக். மூன்றுபேரும் அதைச் சுற்றி நின்று ஒரே மூச்சில் பாடுவார்கள். வெட்டுவதுமில்லை, ஒட்டுவதுமில்லை. அயல் அடங்கிக் கிடப்பது பின்னேரம் இரண்டிலிருந்து நாலு மணி வரைதான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் எட்டுப் பாட்டும் போய்ச் சேர்ந்தால் ஒரு வானொலி முழு அல்பத்தையும் ஒலிபரப்பும். தவறினால் அந்த இடம் வேறு ஆட்களுக்கு.

இரண்டு கிழமையாகப் போராடி ஏழு பாட்டைப் பிடித்தாயிற்று. இன்று வியாழக்கிழமை. எட்டாவது மட்டும் அகப்படவில்லை.

தாரிகா பொறுக்கமாட்டாமல் வேலியடிக்குப் போனாள். ஏரம்பர் உடுப்பெல்லாம் நனைந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றார். சண்டைக்கு ஓடி வந்த களை என்று நினைத்தாள்.

“ஐயா, எங்களோடை உங்களுக்கு என்ன கோவம்?”

“எனக்கென்ன கோவம். முடிஞ்சுதோ எண்டுதானே கேட்டனான்.”

“பாட்டுப் பிடிக்கேல்லை. அப்பிடித்தானே?”

“உது பாட்டோ, பிள்ளை? தகர வாளிக்குள்ளை சேவல் அம்பிட்ட மாதிரியெல்லே கிடக்கு.”

திரும்பி வந்து சொன்னாள்: “நாங்கள் உருப்படுறது அந்த மனிசனுக்குக் கண்ணிலை காட்டேலாமல் கிடக்கு.”

வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. லக்ஷன் அறைந்த அறையில் அலுமாரி உடையப் பார்த்தது. தாரிகாவின் குரல் ஓரிடத்தில் கீறியது. கீறினதும் நல்லாய்த்தான் இருந்தது. கடைசிக் கம்பி. மூன்றுபேரும் மூச்சை அடக்கினார்கள்.

“முடிஞ்சுதோ?”

நாலு மணிக்குள் அனுப்பவும் வேண்டும்; இன்னொரு தரம் பாட நேரமில்லை.

“அதை வெட்டு,” என்றாள் தாரிகா.

“வெட்டினா அந்தக் கடைசி அதிர்வும் சேந்து போயிடும்,” என்றான் லக்ஷன்.

“அப்ப கிடக்கட்டும். அந்த மனிசன்ரை குணத்தை உலகமே கேக்கட்டும்.”

உலகம் கேட்டது. சனிக்கிழமை காலை தாரிகாவின் போன் கொதித்தது. ‘எத்தினை காலத்துக்குப் பிறகு உயிருள்ள ஒரு சத்தம்’ என்று ரொறொன்ரோவிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள். அலுமாரியைப் பற்றி நாற்பது பேர். மிச்சப்பேர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கடைசியில் மூச்சு வாங்க ‘முடிஞ்சுதோ’ என்று கேட்கிற ஆள் யார்? ஒஸ்லோவில் ஒருவர் அதைத் தன் போன் மணியாகவே வைத்துவிட்டாராம்.

பின்னேரம் இரண்டு மணிக்குச் சாமான்களை ஏற்ற வந்தார்கள். பேஸில் கை வைக்கவும் கொட்டில் தடதடவென்று அதிர்ந்தது. கூரைத் தகரம் நடுங்கியது. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின்.

தாரிகா எட்டிப் பார்க்கப் போனாள். கிணற்றடியில் ஏரம்பர் குந்தியிருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் சீலைத் துண்டு சுற்றியிருந்தது. அவளைக் கண்டதும் பதறி மிசினை நிறுத்தினார்.

“இண்டைக்கும் பாட்டு இருக்கோ? முடிஞ்சுதாக்கும் எண்டெல்லே நினைச்சன்.”

தாரிகாவுக்கு விளங்கவில்லை. வாய்க்காலடியில் மண்வெட்டியோடு நின்ற பராசக்தியைப் பார்த்தாள். பராசக்தியும் அந்தக் கிணற்றில் ஒரு பங்குக்காரி.

“இந்தச் சத்தம் இவ்வளவு நாளும் கேக்கேல்லையே, அக்கா?”

“எப்பிடிக் கேக்கும்? இது பங்குக் கிணறு. ரண்டு மணி தொடக்கம் நாலு வரைக்கும்தான் இவரின்ரை இறைப்பு முறை. மிசினைப் போட்டா உங்கடை பாட்டுக் கெட்டுப்போமெண்டு, ரண்டு கிழமையா வெங்காயத்துக்கு முழுக்க வாளியாலை தண்ணி அள்ளி ஊத்தினவர். நீங்கள் முடிச்சா மிசினைப் போடலாமெண்டுதான் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓடி வந்து கேட்டது.”

தாரிகா அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏனய்யா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“சொன்னா நிப்பாட்டியிருப்பியள்.”

“உங்களுக்குத்தான் எங்கடை பாட்டுப் பிடிக்கேல்லையே.”

“இப்பவும் பிடிக்கேல்லை.”

ஏரம்பர் மிசின் கயிற்றைச் சுற்றி, இழுக்கப்போன கையை நிறுத்தினார்.

“அடுத்ததை மாரியிலை வையுங்கோ, பிள்ளை. மாரியிலை எனக்கு இறைப்பில்லை.”