நடுவில் காணாமல் போன நாலு வோல்ட்

கமிஷன் இல்லாமல் எவனும் எவனுக்கும் நல்லது சொல்லமாட்டான் என்பது நவநீதனின் கட்சி. தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வேறென்ன நினைப்பார்?

அதனால்தான் சோமுவை அவர் நம்பவில்லை.

கோட்டுச்சேரியில் அவர்கள் தெருவுக்கு மழை என்றாலே மின்வெட்டு. பிரசவத்துக்கு வந்திருந்த மகளின் கைக்குழந்தை, மின்விசிறி நின்றால் வீரிட்டு அழுதது. நவநீதன் மடக்கு சோலார் பேனலும் பேட்டரிப் பெட்டியும் வாங்கினார். அவரைப் பார்த்துத் தெருவே வாங்கியது. வீடுகளைச் சுற்றித் தென்னை நிழல். எனவே காலையில் பேனலைத் தூக்கிப்போய்ப் பின்பக்கத் திடலில் விரித்துவிட்டு, அங்கிருந்து வீடு வரை வயர் இழுத்துக்கொண்டார்கள்.

மெல்லிய வயரே போதும் என்று எல்லோருக்கும் சொன்னவர் நவநீதன். சாயங்காலம் வரை வெயில் அடித்தும் பெட்டி பாதிகூட நிறையவில்லை.

பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த சோமு, ஒருநாள் மீட்டரோடு வந்து இரண்டு முனையிலும் அளந்தான்.

"அங்க பதினெட்டு வோல்ட்டு கிளம்புது சார். இங்க வந்து சேர்றது பதினாலு. நடுவுல நாலு எங்க போச்சு?"

"யாரு எடுத்தா?" என்றார் நவநீதன், தணிக்கைக் குரலில்.

"உங்க வயருதான் சார். தூரம் ஜாஸ்தி, கம்பி மெல்லிசு. வழியிலயே தின்னுடுது. நாலு மடங்கு தடிமனாப் போடுங்க. செம்பாப் போடுங்க."

"எந்தக் கடையில வாங்கணும்?" பொறி வைத்தார்.

"எந்தக் கடையா இருந்தா என்ன சார்? அலுமினியத்துல செம்பு பூசி விக்கிறாங்க. அத மட்டும் பாத்துக்குங்க."

நவநீதன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காரைக்கால் எலக்ட்ரிக் கடைகள் அத்தனையும் ஏறி இறங்கினார். "சோமு அனுப்பினாரு" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் முகத்தை உற்றுப் பார்த்தார். எந்த முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. சோமுவிடமே பணம் வைத்த ஒரு கவரை நீட்டிப் பார்த்தார். அவன் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

"சரியான ஆளு. தடயமே விடல" என்றார் மனைவி சந்திரலேகாவிடம்.

"தடயம் இல்லன்னா நல்லவனா இருக்கக்கூடாதா? என்னையும்தான் பொண்ணு பாத்துட்டு ஆறு மாசம் விசாரிச்சீங்க."

"ஒண்ணும் சிக்கல. வேற வழியில்லாம கட்டிக்கிட்டேன்."

அன்று இரவு அவருக்கே வெட்கமாகிவிட்டது. மறுநாள் சோமுவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். தெருவாரைக் கூட்டி, "தப்பு என்னுது. நான் சொன்ன வயர்ல பட்டம்தான் விடலாம். எல்லாரும் மாத்துங்க" என்றார்.

அதோடு விட்டாரா? வீடு வீடாகப் போய், வாங்கி வந்த வயரின் முனையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தார். காஜா நஜ்முதீன் வீட்டு வயர் உள்ளே வெள்ளையாக இருந்தது. திருப்பிக் கொடுத்து மாற்ற வைத்தார்.

"நவநீதண்ணே, குவைத் ஏர்போர்ட்லகூட என்னை இப்படிச் சொரண்டினதில்ல" என்றார் நஜ்முதீன்.

பலன் கைமேல். மத்தியானத்துக்குள் பெட்டிகள் நிறைந்தன. மின்சாரம் போனாலும் குழந்தை தூங்கியது.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் தெருவே காரைக்கால் மண்டபத்துக்கு வந்தது. சோமு மட்டும் வரவில்லை. பழைய சந்தேகத்துக்குப் பிராயச்சித்தமாக நவநீதன் அவனுக்கு ஒரு சாப்பாடு கட்டி எடுத்துவந்தார்.

வந்து பார்த்தால், பூட்டிய வீடுகளுக்குள் பேனலும் பெட்டியும் பத்திரம். தடித்த வயரைத் தினமும் சுருட்ட முடியாது என்று எல்லோரும் வெளியிலேயே போட்டிருந்தார்கள். திடலிலிருந்து வாசல் வரை ஒரு முழம் வயர்கூட மிச்சமில்லை. சாயங்காலமே மழை பிடித்தது, மின்சாரம் போனது, குழந்தை ஆரம்பித்தது.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார். "எல்லாம் செம்பா சார்? கலப்படமா?"

"ஒவ்வொரு வீட்டு வயரையும் நானே சோதிச்சேன். அத்தனையும் அசல்" என்ற நவநீதன், பெயர் வைக்கும் நாளுக்குச் சோமுவை அழைத்தபோது எடுத்த போட்டோவைச் செல்போனில் காட்டினார். "இந்தத் தம்பியக் கேளுங்க, எவ்வளவு எடை இருக்கும்னு துல்லியமாச் சொல்லுவாரு. ஒரு பைசா கமிஷன் வாங்காத மனுஷன்."

ஏட்டு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு நவநீதனைப் பார்த்தார்.

"போன மாசம் நாகூர்லயும் ஒரு தெரு முழுக்க இவருதான் சார் வயர மாத்தச் சொன்னாரு, பாவம், அங்க செம்பான்னு சொரண்டிப் பாத்துக் குடுக்க உங்கள மாதிரி ஒரு ஆளு அவருக்குக் கெடைக்கல."