மூன்றாவது ஓட்டை

காய் நறுக்கும் பலகையில் கணவனின் தோல் பெல்ட்டை விரித்து, ஆணியை நிறுத்தி, சுத்தியலால் ஓங்கி அடிக்கிறாள். ஓர் அடி போதும், நாலு அடி விழுகிறது. ஆறு மாதத்தில் இது மூன்றாவது ஓட்டை. நழுவும் பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடி அவன் ஜன்னலோரம் நிற்கிறான். வெயிலில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. "டாக்டர்கிட்ட போகலாம்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன், காதுல ஏறுதா?" "எனக்கென்ன? பெல்ட்டுதான் இழுபட்டு நீண்டுபோச்சு." "ஆமா, அதுக்கு வளர்ற வயசு!" ஆணி பலகைவரை இறங்குகிறது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான்: "அப்படியே தள்ளி இன்னும் ரெண்டு போட்டுடு. அடிக்கடி உனக்கு எதுக்கு வேலை?" சுத்தியலை வீசிவிட்டு எழுகிறாள். பெல்ட்டை அவளே அவன் இடுப்பில் சுற்றி, பல்லைக் கடித்தபடி புது ஓட்டையில் இறுக்குகிறாள். "செருப்பப் போடுங்க."