எறக்கிப் பாத்தாச்சு

“தல நிக்க மாட்டேங்குதுண்ணே. கைய எடுத்தா அப்படியே தொங்கிருது. பாக்க ராசா மாதிரி இருந்து என்ன பிரயோசனம்?”

இஃப்திகார் அழாத குறையாகச் சொன்னான். வள்ளம் கட்டும் ஓடாவி இருளாண்டி, வாயிலிருந்த பீடித் துண்டைத் துப்பினார்.

“ஏந்தம்பி, பிள்ளைக்குத் தல நிக்கலன்னா ராம்நாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவியா, அக்காள்மடத்துல உளி பிடிக்கிறவங்கிட்டக் கொண்டாருவியா?”

“பிள்ளை இல்லண்ணே. கிடாரு.” கொண்டுவந்த நீளப் பெட்டியைத் திறந்து காட்டினான்.

வெளிநாட்டில் அளவு சொல்லிச் செய்த பேஸ் கிடார். கத்தார் வெயிலில் ஆறு வருசம் பைப் வெல்டிங் அடித்த காசு மொத்தமும் அதில்தான் கிடந்தது. ஒரு ஃபைபர் வள்ளத்தின் விலை. முகப்புப் பலகையில் தண்ணீர் வற்றிய கடற்கரை மணல்போல வரிவரியாக ரேகை. மீன்வாலாக வளைந்த தலை, அதில் தங்க முலாம் பூசிய முறுக்காணிகள்.

இருளாண்டி கம்பிகளை எண்ணினார். “இம்புட்டுப் பெரிசுக்கு நாலு கம்பிதானா? மிச்சம் ரெண்ட வித்துத் தின்னுட்டானுகளா?”

“பேஸுக்கு நாலுதாண்ணே.”

வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கையை விட்டுக் காட்டினான். கழுத்து சர்ரென்று சரிந்து தலை தரையைப் பார்த்தது. இதைத் தாங்கிப் பிடிக்கவே இடது கை போய்விடுகிறது, அப்புறம் எந்தக் கையால் வாசிப்பது? மதுரை பேண்டில் இரண்டு முறை தாளம் பிசகி, சனிக்கிழமை சாயங்காலம்தான் கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டார்கள். இதை நம்பிப் பழைய கிடாரையும் விற்றாயிற்று. செய்தவனுக்கே திருப்பி அனுப்பினால் வந்துசேர ஏழு மாதம்.

இருளாண்டி கிடாரை ஒற்றை விரலில் நிறுத்திப் பார்த்தார்.

“தலப்பக்கம் அணியம் கனம், பின்பக்கம் கடையால் லேசு. முன்னுக்கு முங்கத்தான் செய்யும். செஞ்சவன் அழகப் பாத்திருக்கான், பாரத்தப் பாக்கல.”

“அழகு கெடாமச் செய்யணும்ணே. உள்ள வயரெல்லாம் இருக்கு, அதத் தொட்றாதீங்க.”

“வயர நான் ஏன் தொடுறேன்? அடியில குடைஞ்சு, வலைக்குக் கட்டுற ஈயக்குண்ட வச்சு மூடிர்றேன். கோடு தெரிஞ்சா என் கைய வெட்டு. அன்னா நிக்குதுல்ல வள்ளம், அதுவும் இப்படித்தான் அணியம் தாழ்ந்து கெடந்துச்சு. சரி பண்ணியாச்சு, நாளைக்கு எறக்குறோம். அத முடிச்சிட்டு இதுல கை வைக்கிறேன்.”

“சனிக்கிழம மத்தியானத்துக்குக் கெடைச்சிருமாண்ணே?”

“கெடைச்சிரும். ஆனா ஒன்னு சொல்லிப்புடுறேன். எறக்கிப் பாக்காம எந்தச் சாமானையும் நான் கையில குடுக்கிறதில்ல.”

“ஏத்தி எறக்கி எப்படி வேணும்னாலும் பாருங்கண்ணே. தல நின்னாப் போதும்.”

இருளாண்டியின் மனைவி முருகேஸ்வரி மீன் அலசிய கையோடு எட்டிப் பார்த்தாள். “வீட்டுக் கதவு ஆறு மாசமாச் சாஞ்சு கெடக்கு. அத நிமித்தத் துப்பில்ல, ஊரான் தலைய நிமித்தப் போறாராம்.”

சனிக்கிழமை இஃப்திகார் வந்தபோது, பூவரச மரத்து நிழலில் கயிறு கட்டிக் கிடாரைத் தொங்க விட்டிருந்தார்கள். பக்கத்தில் இருளாண்டியின் கைலி காய்ந்துகொண்டிருந்தது. கிடார் தராசுக் கோல்போல மட்டமாக நின்றது. நமக்குக் காட்டத்தான் இப்படிக் கட்டிவைத்திருக்கிறார் என்று நினைத்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவிழ்த்துத் தோளில் மாட்டினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் எடுத்தான்.

கழுத்து அசையவில்லை. குனிந்தான், நிமிர்ந்தான், ஒரு குதிகூடக் குதித்தான். தலை அவன் வைத்த இடத்திலேயே நின்றது. திருப்பிப் பார்த்தால் ஒட்டு போட்ட இடம் நகத்துக்குக்கூட அகப்படவில்லை.

“மாஷா அல்லாஹ்! எப்படிண்ணே இம்புட்டுக் கச்சிதமா?”

“மொதல்ல ரெண்டு குண்டு வச்சேன், அப்பயும் முங்குச்சு. மூணாவத வச்சேன், நிமிந்துருச்சு. அம்புட்டுத்தான்.”

“கட்டிப் பிடிச்சுக்கிறவாண்ணே?”

“வேணாம், வேர்வை நாத்தம். கெளம்பு, பஸ்ஸப் பிடி.”

“சத்தத்த மட்டும் ஒருக்காப் பாத்துக்கிறேன்.” தீப்பெட்டி அளவு ஹெட்போன் கருவியைக் கிடாரில் செருகி, ஹெட்போனைக் காதில் மாட்டினான். குமிழைத் திருகித் தடித்த கம்பியைச் சுண்டினான்.

ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சுண்டினான். காது செத்துப்போன மாதிரி இருந்தது.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று கிடாரின் பின்மூடியைத் திறந்தான். பேட்டரி முனையில் என்னவோ வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டு விரலைப் பார்த்தவனுக்கு முகம் மாறியது.

“அண்ணே... இது என்ன, உப்பு மாதிரி இருக்கு?”

இருளாண்டிக்குச் சுருக்கென்றது. வேலையில் குறை சொன்னால் அவரால் தாங்க முடியாது.

“உப்பா? இருக்காதே தம்பி! கடல்ல எறக்கிப் பாத்த கையோட, நல்ல தண்ணித் தொட்டியில ஒரு நா முழுக்க ஊறப் போட்டுல்ல எடுத்தேன்!”